பெடல் இல்லாத சைக்கிளுக்குக் காசு கொடுக்கலாமா?

பெடல் கிடையாது, செயின் கிடையாது, பல மாடல்களில் பிரேக்கும் கிடையாது. இரண்டு சக்கரம், ஒரு ஃபிரேம், ஒரு சீட், ஒரு ஹேண்டில்பார், அவ்வளவுதான் பேலன்ஸ் பைக். பிள்ளை காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். பெட்டியைப் பிரித்துப் பூட்டி நிறுத்தியதும் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "மீதி வண்டி எங்கே?" நியாயமான கேள்விதான். முழு சைக்கிள் வாங்கும் காசைக் கொடுத்து, சில சமயம் அதைவிடக் கூடவே கொடுத்து, பாதி வண்டியை எதற்கு வாங்க வேண்டும்?

முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இரண்டு, இரண்டரை வயது என்றால் தாராளமாக வாங்குங்கள். நான்கைத் தாண்டிவிட்டது என்றால் வேண்டவே வேண்டாம், உயரத்துக்கு ஏற்ற ஒரு சாதாரண சைக்கிளும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் அதே வேலை நடந்துவிடும். அது எப்படி என்று கீழே சொல்கிறேன். எங்கள் வண்டி எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, காரணம் இந்த அமைப்பில் சின்னச் சின்ன வித்தியாசத்தோடு நிறையப் பேர் செய்கிறார்கள், நான் சொல்லும் நிறைகுறை அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். 12 அங்குல சக்கரம், அலுமினிய ஃபிரேம், காற்றடைக்கும் டயர், பின் சக்கரத்துக்கு ஒரு கை பிரேக். இதுதான் எங்களுடையது.

எங்கள் வீட்டில் பக்கச் சக்கரம், பேலன்ஸ் பைக் என்று இரண்டு வழியையும் பார்த்தாகிவிட்டது, பேலன்ஸ் பைக் சின்னவளுக்கு. பெரியவனுக்கு அன்பளிப்பாக வந்தது, பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் பொருத்திய சைக்கிள். ஏறி உட்கார்ந்த அன்றே மிதிக்க ஆரம்பித்துவிட்டான், எல்லாருக்கும் சந்தோஷம், வீடியோ எல்லாம் எடுத்தாயிற்று. ஆனால் அது உண்மையில் நான்கு சக்கர வண்டி. இரண்டு சக்கர வண்டியை விழாமல் ஓட்டுவதற்கு அடிப்படை ஒன்றுதான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், திருப்பினால் சக்கரங்கள் மறுபடி உடம்பின் பாரத்துக்கு அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். ஓட்டத் தெரிந்தவர்கள் யோசிக்காமலேயே இதை நொடிக்கு நொடி செய்துகொண்டிருக்கிறார்கள். பக்கச் சக்கரம் இருந்தால் வண்டி சாயவே சாயாது, சாயாத வண்டியில் இதைப் பழக வழியே இல்லை. போதாததற்கு, திரும்பும்போது உள்பக்கம் சாய வேண்டிய உடம்பை அது வெளிப்பக்கம் தள்ளுகிறது, பிள்ளையும் அந்த வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் பாரத்தைப் போட்டு உட்கார்ந்தே பழகிவிடுகிறது. பிறகு குட்டிச் சக்கரத்தைக் கழற்றும் நாளில் புதிதாகக் கற்றுக்கொள்வதோடு பழகியதை மறக்கவும் வேண்டியிருக்கிறது.

இன்னொரு தொல்லை, வாங்கும்போது யாரும் சொல்லாதது. தரை கொஞ்சம் குழிந்திருந்தால் போதும், இரண்டு பக்கச் சக்கரமும் குழியின் இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொள்ள, நடுவில் உள்ள பின் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பிள்ளை மிதி மிதி என்று மிதிக்கும், சக்கரம் வெறுமனே சுற்றும், வண்டி ஓர் அடி நகராது. பின்னால் மிதித்து நிறுத்தும் பிரேக் வைத்த சைக்கிளாக இருந்தால் அந்த நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஏனென்றால் அந்த பிரேக் இருப்பதே அந்தரத்தில் சுற்றும் அந்தச் சக்கரத்தில்தான். குட்டிச் சக்கரத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தால் இது சரியாகும், ஆனால் அப்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே போகும், பிள்ளையும் கோணலாகவே உட்காரும். பெரியவன் கடைசியில் கற்றுக்கொண்டான், இல்லை என்று சொல்லவில்லை. பக்கச் சக்கரத்தால் கற்றான் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது, அதைக் கழற்றிய பிறகு கற்றான்.

சக்கரம் சுற்றுகிற வேகத்தில்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருப்போம். அது முழு விஷயம் இல்லை. 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சோதனை வண்டி செய்தார்கள், சக்கரம் சுற்றும் விளைவை எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு சக்கரத்தை வைத்து இல்லாமல் ஆக்கிவிட்டார்கள், அப்படியும் தள்ளிவிட்டால் ஆளே இல்லாமல் அது விழாமல் ஓடியது. சாயும் பக்கம் முன் சக்கரம் தானாகத் திரும்புவதில்தான் சங்கதி இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேலன்ஸ் பைக் சொல்லிக்கொடுப்பதும் அந்த ஒரே ஒரு சங்கதியைத்தான். மிதிப்பது கஷ்டமே இல்லாத வேலை, மூன்று சக்கர வண்டி ஓட்டும் குழந்தை எப்போதோ அதைப் பழகியிருக்கும்.

சரி, வண்டிக்கு வருவோம். முதலில் எடை. எங்களுடையது ஏறக்குறைய 4 கிலோ, கைப்பிடியில் ஒரு விரலை மாட்டித் தூக்கிக்கொண்டு போகலாம். இரும்பு ஃபிரேமில், செயின் கவர், ஸ்டாண்டு, முன்னால் ஒரு கூடை எல்லாம் சேர்த்து வரும் 12 அங்குல சைக்கிள் 8 கிலோவைச் சுலபமாகத் தொடும். மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர எடை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 14 கிலோவை ஒட்டித்தான் வருகிறது. அப்படியென்றால் தன் எடையில் பாதிக்கும் மேலான ஒரு வண்டியை அந்தக் குழந்தை நிமிர்த்த வேண்டும், திருப்ப வேண்டும், விழுந்தால் அடியிலிருந்து காலை உருவிக்கொள்ள வேண்டும். 70 கிலோ உள்ள நம்மிடம் 40 கிலோ சைக்கிளைக் கொடுத்து ஓட்டச் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? எடையைப் பெட்டியில் போடாத கம்பெனி என்றாலே எனக்குச் சந்தேகம்தான். கடையில் வாங்கினால் தூக்கிப் பாருங்கள், அதைவிட நல்லது பிள்ளையையே தூக்கச் சொல்லிப் பார்ப்பது.

அடுத்து சீட் உயரம், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வயதை வைத்து வாங்காதீர்கள். 'இரண்டு வயது முதல் ஐந்து வரை' என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, இரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் உயரத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும். செய்ய வேண்டியது இதுதான்: ஷூவோடு பிள்ளையைச் சுவரோடு நிற்க வைத்து, கால் இடுக்கில் ஒரு மெல்லிய புத்தகத்தை மட்டமாக வைத்து, அதிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. குறைத்தால் வருவதுதான் சீட் உயரம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நுனிக்காலில் நின்றால் தள்ளுவதற்கு வலு கிடைக்காது, பயமும் போகாது. எங்கள் வண்டிப் பெட்டியில் போட்டிருந்த குறைந்தபட்ச உயரத்துக்கும் நான் டேப் வைத்து அளந்ததற்கும் ஒன்றரை செ.மீ. வித்தியாசம், அளந்தது கூடுதல். பெரியவர்களுக்கு ஒன்றரை செ.மீ. ஒன்றுமே இல்லை, இரண்டு வயதுக் காலுக்கு அதுதான் நிற்பதா தொங்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. அளவு சொல்லி விற்பவர்கள் அளவையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

சீட்டின் சாய்வையும் பாருங்கள். எங்களுடையது முன்பக்கம் இறங்கியிருந்தது, ஒவ்வொரு தள்ளலுக்கும் சின்னவள் முன்னால் வழுக்கி வந்து ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டாள். அடியில் உள்ள போல்ட்டைத் தளர்த்திப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினேன், அதோடு தீர்ந்தது. சில விலை குறைந்த மாடல்களில் சீட்டும் கம்பியும் ஒரே வார்ப்பாக வருகிறது, அதில் சாய்வை மாற்றவே முடியாது. சீட் உயரத்தை மாற்றுவதற்கு லீவர் வைத்திருக்கிறார்கள், அவசரத்துக்கு வசதிதான், ஆனால் லீவர் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள், தொடையை உரசும். பின்பக்கம் பார்த்து மடக்கி வைத்தால் உரசாது.

டயரில் இரண்டு வகை. ஒன்று பஞ்சு மாதிரியான ஃபோம் டயர், பஞ்சரே ஆகாது, எடையும் குறைவு, விலையும் குறைவு. மழமழப்பான தரையில், குறிப்பாக ஈரத்தில், சறுக்கும். கரடுமுரடான தரையில் அதிர்வு நேராகப் பிள்ளையின் கைக்குப் போகும். இன்னொன்று வழக்கமான டயரும் ட்யூபும். வீட்டுக்குள்ளேயும் சிமெண்ட் தரையிலும் மட்டும் ஓட்டப்போகிறது என்றால் ஃபோம் போதும். வெளியே, கல்லும் மண்ணும் கலந்த இடம் என்றால் காற்று டயர்தான். அதிலும் பலர் செய்வது என்னவென்றால் டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குக் காற்றை அடித்துவிடுகிறார்கள். 14 கிலோ குழந்தைக்கு அவ்வளவு தேவையே இல்லை, கல் மாதிரி இருக்கும், வண்டி துள்ளும். டயரில் போட்டிருக்கும் வரம்பின் கீழ் எல்லையை ஒட்டி வைத்தால் போதும். வாங்குவதற்கு முன் ட்யூபின் காற்று வால்வு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பாருங்கள், எங்களுடையதில் நேர் வால்வு, இவ்வளவு சின்ன சக்கரத்தில் ஸ்போக்ஸுக்கு நடுவே பம்பின் தலையை நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வளைந்த வால்வு உள்ள ட்யூப் தனியாகக் கிடைக்கிறது, அளவு கேட்டால் 12½ அங்குலம் என்று சொல்லுங்கள்.

இனி குறைகள். முதல் குறை பின் சக்கரத்து அச்சின் நட்டுகள். இந்த வண்டியில் கால் இரண்டும் பின்னால் வீசித் தள்ளுவதால் கணுக்காலும் கெண்டைக்காலும் சரியாக அந்த நட்டு இருக்கும் இடத்தைத்தான் போய் உரசும். மூடி என்று பிளாஸ்டிக்கில் ஒன்று கொடுக்கிறார்கள், சீக்கிரமே கழன்று எங்கோ போய்விட்டது. சின்னவளின் உள்காலில் சிவப்பாக ஒரு கோடு, எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் இது. நட்டைச் சுற்றி பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பரைச் சுற்றிக் கட்டினேன், வேலை செய்கிறது, ஆனால் இது கம்பெனி செய்திருக்க வேண்டிய வேலை. குமிழ் போல் உருண்ட தலை உள்ள போல்ட்டாக, ஃபிரேமுக்குள் புதைந்து இருக்கும்படி செய்பவர்களும் இருக்கிறார்கள். இருந்தால் அதை எடுங்கள்.

இரண்டாவது, ஹேண்டில்பார் கழுத்து. ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் ஆட்டம் கண்டது. முன் சக்கரத்தை உங்கள் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று சத்தம் வந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அலென் கீயால் இறுக்கினால் சரியாகிவிடும், ரொம்பவும் இறுக்கினால் ஹேண்டில் திரும்பக் கஷ்டப்படும், அப்படித் திரும்பாத ஹேண்டிலில் பேலன்ஸே வராது. கைப்பிடி ரப்பரின் முனை உருண்டையாக, கம்பியின் வாயை முழுவதும் மூடியபடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இது அழகுக்காக வைத்தது இல்லை. விழும்போது ஹேண்டில் திரும்பி அதன் முனை வயிற்றில் குத்துவது குழந்தைகளுக்கு ஏற்படும் சைக்கிள் காயங்களில் மோசமான வகை, வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடிபட்டிருக்கும். ரப்பர் தேய்ந்து கம்பி வெளியே தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கை பிரேக்குக்காகக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்றால், இரண்டு வயதில் அது வெறும் அலங்காரம். அந்தக் கைக்கு லீவர் எட்டாது, எட்டினாலும் அழுத்த வலு இருக்காது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார்கள், ஷூவின் முனை தேய்ந்து ஓட்டையாகும், நல்ல ஷூவை ஒளித்து வையுங்கள். ஆனால் மூன்றரை வயதுக்கு மேல் அதே பிரேக் நல்ல பழக்கத்தைத் தருகிறது, பெடல் சைக்கிளுக்குப் போகும்போது கை தானாக அங்கே போகும். லீவருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடிக்கு அருகில் வரும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை, கையேட்டிலும் இல்லை. பிரேக்கே இல்லாமல் எப்படி விற்க விடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: சிறுவர் சைக்கிளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 8098, சீட்டின் உச்ச உயரம் 435 மி.மீட்டரைத் தாண்டும் வண்டிகளுக்குத்தான். பேலன்ஸ் பைக்குகளில் பல அதற்குக் கீழே நின்றுவிடுவதால் அந்தக் கணக்கில் வராது. ஆகவே 'சைக்கிள்' என்ற பெயரைப் பார்த்து சைக்கிளுக்கான சோதனைகள் எல்லாம் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், போல்ட்டுகளை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு வாங்கச் சொல்கிறேனே, ஏன்? சின்னவள் ஓட்டியதைப் பார்த்ததால்தான். ஆரம்பத்தில் சீட்டில் உட்காரவே மாட்டாள், வண்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நடப்பாள், அவ்வளவுதான். அது போரடித்து மூலையில் கிடந்தது, நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு தானாக எடுத்தாள், உட்கார்ந்து நடந்தாள், நடை ஓட்டமானது, ஓட்டத்தில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அந்த இடைவெளிதான் பார்க்க வேண்டிய இடம். இரண்டு காலும் தரையில் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் ஹேண்டில் இடமும் வலமுமாகப் பொடிப்பொடியாக ஆடும், பார்க்க நடுங்குவது போல இருக்கும், உண்மையில் அவள் சாயும் பக்கம் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். நாளாக நாளாக அந்த ஆட்டம் சிறுத்துவிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை, "சாயும் பக்கம் திருப்பு" என்று இரண்டரை வயதிடம் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் லேசான இறக்கத்தில் காலைத் தூக்கி முன்னால் நீட்டிக்கொண்டு, "நானே போறேன், பிடிக்காதேம்மா" என்று கத்திக்கொண்டே போனாள். நான் பிடிக்கவே இல்லை, பத்தடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். குனிந்து சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடும் வேலை இல்லை, முதுகு தப்பித்தது. உதவித்தான் ஆக வேண்டும் என்றால் அக்குளில் லேசாகக் கை கொடுங்கள், தோளைத் தொடுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள், பிடித்தால் பேலன்ஸ் செய்வது நீங்கள், பிள்ளை பயணி. பின்னால் பொருத்தித் தள்ளும் நீளக் கம்பி ஒன்றைத் தனியாக விற்கிறார்கள், தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிப் பொருத்திப் பார்த்தேன், அதே குறைதான், கம்பியைப் பிடித்திருப்பவர்தான் வண்டியை நிறுத்தி வைக்கிறார். காசு தண்டம். இடத்தைப் பொறுத்தவரை புல்தரை மெத்தென்று இருக்கும் என்று அங்கே அழைத்துப் போவார்கள், ஆனால் புல்லில் சக்கரம் உருளாது, உருளாத வண்டி சாயத்தான் செய்யும். சமமான கெட்டித் தரை, வண்டி வாகனம் வராத இடம், பிறகு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஓர் இறக்கம், அது போதும். ஹேண்டில் ஒரு பக்கம் அதிகம் திரும்பாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைச் சில வண்டிகளில் கொடுக்கிறார்கள், அதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, இருந்தால் கழற்றிவிடலாம்.

ஹெல்மெட் இல்லாமல் ஏற்றாதீர்கள், இந்தக் குட்டி வண்டி இறக்கத்தில் நாம் ஓடிப்பிடிக்கும் வேகத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, இரண்டு காதையும் சுற்றி வார் வி வடிவில் வர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட் கூடவே வந்தால் அளவு சரி, தனியாகச் சுற்றினால் பெரிது. 'வளர்ற பிள்ளைதானே' என்று ஒரு சைஸ் கூட எடுப்பதைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கியிருக்கும். இறங்கி விளையாட ஓடும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள், ஏணியிலும் கம்பியிலும் ஏறும்போது ஹெல்மெட் சிக்கி வார் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது, சின்னக் குழந்தைகளுக்கென்று இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பூட்டு வைத்து ஐரோப்பாவில் ஈஎன் 1080 என்று தனித் தரநிலையே போட்டதற்குக் காரணம் இதுதான்.

"மீதி வண்டி எங்கே" என்று கேட்டவர்களுக்கு என் பதில்: வண்டி பிறந்ததே இப்படித்தான். 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் முதன்முதலாக ஓட்டிக்காட்டிய இரு சக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது, மரச்சட்டத்தில் உட்கார்ந்து காலால் தரையை உந்திப் போனார். முன் சக்கரத்தில் பெடல் வந்தது 1860களில்தான். பெரிய சைக்கிளில் ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் உந்தி உந்திப் பழகி, அப்புறம் குரங்குப் பெடலுக்குப் போனவர்கள் நம்மிலும் உண்டு, அவர்களுக்கும் பேலன்ஸ்தான் முதலில் வந்தது. போர்ச்சுகலில் செய்து 2022இல் வெளியான ஒரு கருத்தாய்வில், பேலன்ஸ் பைக்கில் ஆரம்பித்தவர்கள் சராசரியாக நான்கு வயதை ஒட்டியும் பக்கச் சக்கரத்தில் ஆரம்பித்தவர்கள் ஏறக்குறைய ஆறு வயதிலும் தனியாக ஓட்டியதாக வந்தது. அதை அப்படியே விழுங்க வேண்டாம், நினைவிலிருந்து கேட்டு எழுதிய பதில்கள் அவை, பேலன்ஸ் பைக் வாங்கும் வீட்டில் பிள்ளை சீக்கிரமே ஏறிவிடுகிறது என்பதும் ஒரு காரணம்தான். எங்கள் வீட்டு இரண்டு பேரிடம் பார்த்ததும் அதே திசையில்தான் இருந்தது, அவ்வளவே என்னால் சொல்ல முடியும்.

இப்போது ஸ்பேனர் கதை. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த வண்டியை வாங்கினால் சில மாதங்களில் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும், தள்ளி வைக்க வேண்டியதுதான். அதற்குப் பதில் உயரத்துக்கு ஏற்ற 14 அல்லது 16 அங்குல சைக்கிளின் இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டைப் பாதம் பதியும் அளவுக்கு இறக்கிவிடுங்கள், பேலன்ஸ் பைக் தயார். 15 மி.மீ. ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் முழுப் பலத்தோடு எதிர்த்திசையில் இறுக்கிவிட்டு, துரு பிடித்துவிட்டது என்று எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள், இடது வலது மாறிப் போய் ஸ்பேனரால் அழுத்தினால் கிராங்கின், அதாவது பெடலை மாட்டும் இரும்புக் கையின், மரை நாசம். ஒரே ஒரு குறை, பெடலைக் கழற்றினாலும் கிராங்க் அங்கேயே இருக்கும், செயின் கவரும் அகலமாக இருக்கும், கால் அதில் இடித்துக்கொள்ளும். பொறுமை உள்ளவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கிராங்கையும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். எடை வேறு கூடுதல், இரண்டரை வயதுக்கு இது சரிப்படாததும் அதனால்தான்.

பெடலுக்கு மாறும் நாளில் எதை எதிர்பார்க்கலாம் என்றால், சின்னவளுக்கு ஓட்டுவதில் சிக்கலே இல்லை, கிளம்புவதில்தான் சிக்கல். காலால் உந்தி ஓடவிட்டு, வண்டி ஓடும்போதே காலைத் தூக்கிப் பெடலில் வைக்கச் சொன்னேன், அதற்கு அவளுக்குத் தெரிந்த வித்தையே போதுமாக இருந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டுமென்றால் ஒரு பெடலைக் கடிகாரத்தில் 2 மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து அழுத்த வேண்டும். பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை சைக்கிளில் பெடலைப் பின்னால் சுற்றி அந்த இடத்துக்குக் கொண்டுவர முடியாது, பின் சக்கரத்தைத் தூக்கி முன்னால்தான் சுற்ற வேண்டும், பிள்ளையால் அது ஆகாது, ஒவ்வொரு தடவையும் "அம்மா, பெடல்!" என்று கூப்பாடுதான். பேலன்ஸ் பைக்கில் பழகிய பிள்ளைக்கு அடுத்த சைக்கிள் வாங்கினால் இரண்டு கை பிரேக்கும், பின்னால் சும்மா சுற்றும் பெடலும் உள்ளதாகப் பாருங்கள். முதலில் வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்து நிறுத்தப் பழக்குங்கள். காலைத் தேய்த்து நிறுத்தும் பழைய பழக்கம் பெடல் வேகத்தில் செல்லாது, இந்த ஒன்றை மட்டும் பேலன்ஸ் பைக் தப்பாகப் பழக்கிவிடுகிறது.

பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, இதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நேராக இருக்கிறதா, ஃபிரேம் சேரும் இடங்களில் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறதா, சீட் கம்பியில் 'இதற்கு மேல் ஏற்றாதே' என்று போட்டிருக்கும் கோடு இன்னும் தெரிகிறதா, இவ்வளவும் பார்த்தால் போதும். எங்களுடையது இப்போது உறவுக்காரப் பிள்ளை ஒருத்தியிடம் போய்விட்டது, அச்சு நட்டுக்குப் புது மூடி கிடைக்குமா என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், இதுவரை பதில் இல்லை.